ஆடிட்டர் வீட்டுப் பதினெட்டு

விளையாட்டு வினையாகும் என்ற நம் முன்னோர் வாக்கின் மகத்துவத்தை அமெரிக்கச் செனட் சபையார் 1993-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில்தான் உணர்ந்தார்கள். தோற்றவனின் தலையை முதுகெலும்போடு சேர்த்துப் பிடுங்கி, வென்றவன் உயர்த்திக் காட்டும் ‘மார்ட்டல் காம்பாட்’ முதலிய வீடியோ விளையாட்டுகளைக் கண்டு திடுக்கிட்ட லீபர்மன், கோல் என்னும் இரு செனட்டர்கள் பகிரங்க விசாரணை நடத்தி, கம்பெனிக்காரர்கள் தாமாக ஓர் ஒழுங்குக்கு வராவிட்டால் சர்க்கார் சட்டம் செய்யும் என்று மிரட்டவே, அவர்களும் மறு வருஷமே ‘ஈ.எஸ்.ஆர்.பி.’ என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, எந்த விளையாட்டு எந்த வயதினருக்கு உகந்தது என்று அட்டையிலேயே முத்திரை குத்தத் தொடங்கினார்கள். 2003-இல் ஐரோப்பியர் ‘பெகி’ என்ற பெயரில் 3, 7, 12, 16, 18 என்று வயதுப் படிகளை வகுத்துக்கொண்டார்கள்.

இந்த எண்கள் ஜோசியத்தில் பிறப்பவை அல்ல. ரத்தம் தெறிக்கிறதா, எவ்வளவு, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் உண்டா என்றெல்லாம் கேட்கும் நீண்ட கேள்விப் பட்டியலுக்குக் கம்பெனி பதில் எழுத வேண்டும். அமெரிக்காவிலோ, இருப்பதிலேயே மோசமான காட்சிகளாகப் பொறுக்கியெடுத்துப் படமாகவும் அனுப்ப வேண்டும். இத்தனை ஜாக்கிரதை செய்தும் சில சமயங்களில் சாஸ்திரம் சறுக்கிவிடுகிறது. நிஜப் பணம் ஒரு காசுகூடப் பந்தயம் வைக்க இடமில்லாத ‘பலாட்ரோ’ என்ற சீட்டு விளையாட்டுக்கு, சீட்டுக்கட்டைக் காரணம் காட்டி 18 என்று விதித்த ஐரோப்பியர், 2025-இல் மனம் இரங்கி அதை 12 ஆக்கினார்கள். அப்பாவின் கணக்கிலிருந்து மெய்யான காசைக் கொடுத்து, உள்ளே எந்த ஆட்டக்காரர் இருக்கிறார் என்று தெரியாமலே பொட்டலம் பொட்டலமாகப் பிரிக்க வைக்கும் கால்பந்து விளையாட்டோ, மூன்று வயதுப் பாலகனுக்கும் உகந்ததாக அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது.

இருந்தாலும், கடல் கடந்த இத்தனை பேர் இவ்வளவு பிரயாசைப்படுவது பெற்றோர்களின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான். ரிச்சி தெருக் கடையொன்றில், பன்னிரண்டு வயதுப் புத்திரனுக்காகத் தகடு வாங்க வந்த என் அடுத்த வீட்டு ஆடிட்டர் நண்பரின் கண்ணில் அது படவே பட்டது. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ என்ற அந்தத் தகட்டின் உறையை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்து, மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் இருந்த 18-ஐ வெகுநேரம் ஆராய்ந்துவிட்டு, “பார்த்தீரா! பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. என்பதை ஒளிக்காமல் முன்பக்கத்திலேயே போட்டிருக்கிறான், யோக்கியமான கம்பெனி!” என்றார் அவர். கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். பையன் மாத்திரம், தகப்பனாரின் ஞானத்தை மெச்சும் பாவனையில், “ஆமாம்ப்பா” என்றான்.

இதற்காக ஆடிட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ‘ஏ’ சர்டிபிகேட் படத்துக்குக் கைக்குழந்தையும் பால் புட்டியுமாகப் போய் வந்த பரம்பரையல்லவா நாம்? மேலும், வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாதென்று கலிபோர்னியா செய்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2011-இல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தள்ளிவிட்டது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்காலியா, சூனியக்காரியைக் குழந்தைகளே அடுப்பில் தள்ளிக் கொல்லும் கிரிம் சகோதரர் கதையை எடுத்துக்காட்டி, குழந்தைக் கதைகளில் கோரத்துக்கு என்றைக்குக் குறைச்சல் இருந்தது என்ற ரீதியில் வாதித்தார். ஆடிட்டரின் தாயார் அந்தக் கனவானுக்குப் பரிச்சயமாகியிருந்தால் இன்னும் பலமான அத்தாட்சிகள் கிடைத்திருக்கும். நரசிம்ம மூர்த்தி ஹிரண்யனின் குடலை உருவி மாலையாகப் போட்டுக்கொண்டதையும், துச்சாசனனின் மார்பைப் பிளந்து பீமன் ரத்தம் குடித்ததையும், இதே பேரனுக்கு மூன்று வயதில், ஒவ்வொரு கவளம் தயிர் சாதத்துக்கும் ஒரு வதம் என்ற கணக்கில் ஊட்டி வளர்த்தவர் அந்த அம்மாள்தான்.

தகடு வீட்டுக்கு வந்த அன்று மாலை, எழுபத்தெட்டு வயதான அந்தப் பாட்டி, கையில் கீரைக்கட்டோடு பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஏண்டா, இவன் யாரு? அந்தக் காரு அவனோடதா? பின்னே எதுக்கு எடுக்கிறான்? ஐயையோ, அந்தப் பிள்ளையைப் போட்டு இப்படி அடிக்கிறானே, அவன் அம்மா கேட்க மாட்டாளா? போலீஸ்காரன் என்ன பண்றான்? காலையிலேருந்து ஓடறானே, இவன் சாப்பிட்டானா?” என்று, இலையைக் கிள்ளிக்கொண்டே அவர் தொடுத்த கேள்விகளுக்கு நாலைந்து நிமிஷம் தாக்குப்பிடித்த பையன், அதற்குமேல் முடியாமல் அணைத்துவிட்டுத் தெருவுக்குக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். எந்த ஸ்தாபனத்தின் முத்திரையும் இத்தனை துரிதமாகப் பலித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாளும் அதே வேளைக்குப் பாட்டி வந்து உட்கார்ந்து, “அந்தக் கார் திருடன் என்னடா ஆனான்? போடு, பார்க்கலாம்” என்றார். தப்பிக்க வேறு மார்க்கம் காணாத பேரன், உறையை எடுத்து நீட்டி, “இதெல்லாம் நம்ம பார்க்கக் கூடாது பாட்டி, பதினெட்டு வயசு ஆனவங்களுக்குத்தானாம், இதோ போட்டிருக்கு பாரு” என்றான்.

“எனக்குப் பதினெட்டு ஆகி அறுபது வருஷம் ஆச்சுடா,” என்றார் பாட்டி. “நீ போட்டுக் குடுத்துட்டு உள்ளே போய்ப் படி.”