கால்குலேட்டர் விழுங்கிய 'சி'

கேள்வி: பொறியியல் படிக்கும் என் மகனின் கேசியோ 991 தொகையிடலுக்கு வெறும் எண்ணைத்தான் காட்டுகிறது. அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கால்குலேட்டர் சூத்திரமாகவே தருகிறது. ஆனால் அதுவும் புத்தக விடையோடு ஒத்துப்போகவில்லையே? (வாசகர், ராசிபுரம்)

பதில்: கேசியோ 991 எல்லைகளைக் கேட்டு வாங்கி, பரப்பைத் தோராயமாகக் கூட்டிச் சொல்லும், இயற்கணிதம் அதற்குத் தெரியாது. 1995-இல் வந்த டிஐ-92 போன்றவை குறியீடுகளாகவே கணக்குப் போடுபவை. அவை தரும் விடையும் சரி, புத்தக விடையும் சரி!

சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் பெருக்கலைத் தொகையிடுங்கள். சைன் வர்க்கத்தில் பாதி என்றும் வரும். காஸ் 2எக்ஸில் கால் பங்கு, முன்னே கழித்தல் குறியோடு என்றும் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் கால். அந்தக் கால், 'சி' என்ற மாறிலிக்குள் அடங்கிவிடும். ஆனால் நாமாகக் கேட்காவிட்டால் டிஐ கருவிகள் அந்தச் 'சி'யைக் காட்டுவதில்லை. கருவி விழுங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். பையன் விழுங்கினால் மதிப்பெண் போகும்.

சந்தேகம் வந்தால், விடையை வகையிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கணக்கே திரும்பி வந்தால் விடை சரி.