வயர் இருக்கா? கணினிப் பயனர் குழுக்களின் தலையாய செயல்பாடு குறித்து ஓர் ஆய்வு

கணினிப் பயனர் குழுக்கள் என்ன செய்கின்றன என்று யாரைக் கேட்டாலும், கட்டற்ற மென்பொருளைப் பரப்புகின்றன, மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கின்றன, கேட்டவர்களுக்கெல்லாம் லினக்ஸ் போட்டுத் தருகின்றன என்பார்கள். அதெல்லாம் அழைப்பிதழில் இருப்பது. கூட்டத்தில் போய் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். இக்குழுக்களின் தலையாய செயல்பாடு வயர் தேடுவது. மற்றவையெல்லாம் வயர் கிடைத்த பிறகு, நேரம் மிஞ்சினால் நடப்பவை. இந்தக் கருதுகோளை நிறுவவே இக்கட்டுரை.

களமாகக் காரைக்குடியைத் தேர்ந்தெடுத்ததில் ஓர் ஆய்வியல் சூட்சுமம் இருக்கிறது. சங்கம் வைத்து நடத்துவது இந்த ஊருக்குக் கைவந்த கலை. இந்து மதாபிமான சங்கம் 1917இல் தொடங்கியது. இரண்டே வருடத்தில் பாரதியாரே வந்து பார்த்துவிட்டுப் போனார். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிவைத்த கம்பன் விழா, குறித்த மணிக்குத் தொடங்குவதற்கே பேர்போனது. ஆகவே இங்கே ஒரு கூட்டம் தாமதமாகத் தொடங்கினால் பழியை ஊர்மேல் போட முடியாது. வேறொரு காரணி குறுக்கே நிற்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். கம்பராமாயணத்துக்கு எச்.டி.எம்.ஐ. தேவையில்லை என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்வோம்.

முன்னோர் சான்று உண்டா என்றால், உண்டு. பயனர் குழுக்களின் முன்னோடிகளுள் ஒன்று என்று சொல்லத்தக்க ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப், 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூடியது. பின்னாளில் ஆப்பிள் கம்பெனி கண்ட ஸ்டீவ் வாஸ்னியாக் அன்று அங்கே இருந்தார். வரலாற்றாசிரியர்கள் இதைத் தொழில்நுட்பப் புரட்சியின் பிறப்பு என்பார்கள். நாம் கவனிக்க வேண்டியது அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்ததை. ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தம் ஆல்டேர் 8800 கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. முன்பலகையில் வரிசையாகச் சுவிட்சுகள், சிறு விளக்குகள், அவ்வளவுதான். கூடிய இடத்தில் கரண்ட் வரும் பிளக் பாயிண்ட் இல்லை. மாடியிலிருந்து நீள வயர் இழுத்தார்கள். மனிதர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி நிரலை ஏற்றி முடிக்கும் தறுவாயில், மேலே ஓடியாடிய பிள்ளைகளின் கால் பட்டு வயர் பிடுங்கிக்கொண்டது. நினைவகம் காலி. மறுபடி முதலிலிருந்து. பிறகு பக்கத்தில் வைத்திருந்த ரேடியோவில் பீட்டில்ஸ் பாட்டு ஒலித்தது. கணினியின் மின்காந்த இரைச்சலையே ரேடியோ பிடித்துப் பாட்டாக்கியது. இரண்டுக்கும் நடுவே வயரே இல்லை. ஸ்டீவன் லெவி தம் 'ஹேக்கர்ஸ்' நூலில் இந்நிகழ்ச்சியை வியந்து எழுதுகிறார். பாட்டை வியந்த அளவுக்குப் பிளக்கை வியக்கவில்லை என்பது என் குறை.

தமிழ்நாட்டில் இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1998 முதல் இயங்குகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, ஐ.ஐ.டி. வளாகம் என்பது அதன் நெடுநாள் வழக்கம். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் குழுக்கள் வந்தன. விழுப்புரத்துக்காரர்கள் கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது பெருமைக்குரியது. ஆனால் அது நம் ஆய்வெல்லைக்கு வெளியே.

இனி காரைக்குடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவின் பெயர் வேண்டாம். இடம், பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் கொண்ட பழைய வீட்டின் முகப்பு. தெருவுக்குத் தெரு நீளும் அந்த வீட்டில் தூண்களை எண்ணி முடிக்க முடியவில்லை. பிளக் பாயிண்டை எண்ணுவதற்கு ஒரு விரல் போதும். அதுவும் ஆளுயரத்தில், இரண்டு பின் மட்டும் செருகக்கூடியது. புரொஜெக்டர் பிளக்குக்கு மூன்று பின். "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யார் கொண்டாந்தா?" என்று ஒரு குரல். "நீங்க கொண்டாருவீங்கன்னு நெனச்சேண்ணே" என்று பதில். ஆய்வாளர் கடைசி வரிசையிலிருந்து நேரம் குறிக்கத் தொடங்கிய இடம் இது.

ஒருவழியாக ஒரு பாக்ஸ் கிடைத்து மின்சாரம் வந்தது. அடுத்து, படம். புரொஜெக்டரில் இருந்தது வி.ஜி.ஏ. துளை மட்டும். ஐ.பி.எம். 1987இல் கொண்டுவந்தது, பின்கள் 15. பேச வந்த தம்பியின் புது லேப்டாப்பில் இருந்ததோ யூ.எஸ்.பி.-சி மட்டும், 2014இல் வந்தது, பின்கள் 24. இடையில் 2002இல் வந்த எச்.டி.எம்.ஐ.க்குப் பின்கள் 19. பின்கள் கூடக் கூடப் பொருந்துவது குறைகிறது என்பதை நம் முதல் விதியாகக் கொள்ளலாம். கூட்டத்தில் ஒருவர் எச்.டி.எம்.ஐ. வயரை ஆட்டிக் காட்டினார். அது போதாது. எச்.டி.எம்.ஐ.யில் ஓடுவது டிஜிட்டல் சிக்னல், வி.ஜி.ஏ.வில் ஓடுவது அனலாக். ஒன்றை மற்றொன்றாக மாற்ற உள்ளே ஒரு சிப் உட்கார்ந்து வேலை செய்தாக வேண்டும், வெறும் செம்புக் கம்பியால் ஆகாது. இதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார். அருகில் இருந்த மூவரும் கூடத் தெரிந்துகொண்டார்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒரு பாடம் இல்லவே இல்லை.

கனெக்டர் வாங்க ஒருவர் செக்காலை ரோட்டுக்கு வண்டியை எடுத்தார். ஞாயிறு, கடை திறந்திருக்குமா என்பதில் கருத்து வேறுபாடு நிலவியது. இன்னும் சில வருடம் போனால் வி.ஜி.ஏ. வயரை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் தேடலாம். அங்கே கட்டாயம் கிடைக்கும்.

அந்த இடைவெளியில் நடந்தவற்றைப் பக்க விளைவுகள் என்ற தலைப்பில் பதிகிறேன். வீட்டுக்கார ஆச்சி காபியோடு வந்து, "தம்பி, சிங்கப்பூர்லேர்ந்து பேரன் அனுப்புற படம் எதுவுமே எறங்க மாட்டேங்குது, என்னான்னு பாருங்க" என்று போனை நீட்டினார். பார்த்தால், நினைவகம் முழுக்கக் காலை வணக்கப் படங்கள். ரோஜாப்பூ, முருகன், மறுபடி ரோஜாப்பூ. ஒரு கல்லூரிப் பெண் அத்தனையையும் நீக்கிக் கொடுத்ததோடு, இனித் தானாக இறங்காமல் இருக்கும்படி அமைப்பையும் மாற்றிவிட்டார். பிள்ளையார்பட்டி படத்தை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார் ஆச்சி. தூணோரம் இன்னொருவர் தம் கடைக் கணக்குக்கு எக்செலில் கூட்டல் போடக் கற்றுக்கொண்டார். இவை எதுவும் அழைப்பிதழில் இல்லாததால் செயல்பாடு என்ற கணக்கில் சேரா.

கடைசியில் கைகொடுத்தது, அரசின் இலவச லேப்டாப். 2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்த ஆரம்பகால மாடல். ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் பாஸ் லினக்ஸ், ஓரத்தில் நீல நிற வி.ஜி.ஏ. துளை. கூட்டத்தில் ஒருவருக்கு அக்காவிடமிருந்து வந்தது. புதுசையெல்லாம் தள்ளிவிட்டு அதை மாட்டினார்கள். பட்டென்று படம் விழுந்தது. கைதட்டல். பென்டிரைவில் பேச்சுக்கான கோப்பை மாற்றித் திறந்தால், தமிழ் முழுக்கக் கொம்பும் குறியுமாக நின்றது. பேச வந்த தம்பி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்; அது இந்த மெஷினில் இல்லை. சென்னையில் 1999இல் கூடிய தமிழிணைய மாநாடு டாம், டாப் என்று குறியாக்கங்களை வகுத்ததும், 2010இல் அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டதும் இதைத் தீர்க்கத்தான். ஆணை போட்டு இத்தனை வருடம் ஆகியும் தம்பிக்குக் கைப்பழக்கம் போகவில்லை.

போதாததற்கு அந்த லேப்டாப்புக்குச் சார்ஜும் இல்லை. பேட்டரியைப் பொறுத்தவரை காரைக்குடிக்கு ஒரு தனி அவலம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே ஊரில்தான் இருக்கிறது. லித்தியம் பேட்டரி அங்கே முக்கியமான ஆராய்ச்சிப் பொருள். அதே ஊரில் பத்துப் பேர் பேட்டரி தீர்ந்துபோய் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

வயர் இரவல் போவது பற்றி ஒரு வார்த்தை. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்கள் கையில் புழங்கிய மூலதனம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு கணித்தது. பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை என்று கடல் கடந்தும் காசுக்குக் கணக்கு வைத்த மண் இது. இருந்தும் போன கூட்டத்தில் இரவல் போன கனெக்டர் யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குச் சிட்டை எழுதுவதில்லை, வட்டியும் கிடையாது. வாங்கிப் போனவர் அடுத்த கூட்டத்துக்கு வருவதும் கிடையாது.

எதிர்க்கட்சி வாதம் ஒன்று பாக்கி. வயர்லெஸ் வந்துவிட்டது, இனி இந்த ஆய்வுக்கே பொருளில்லை என்பார்கள். அதையும் சோதித்தோம். செட்டிநாட்டுச் சுவரின் கனத்துக்கு உள்கட்டில் இருக்கும் வைஃபை முகப்பை எட்டவில்லை. ரூட்டரை முன்னால் கொண்டுவந்தோம். வயரில்லாமல் படத்தை வாங்கிக் காட்டும் சிறு கருவி ஒன்றைப் புரொஜெக்டரின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருக வேண்டும். புரொஜெக்டரில் அந்தத் துளை இல்லை என்பதை மேலே நிறுவியிருக்கிறோம். கருவிக்கு மின்சாரம் தனி. அதற்கு ஒரு பிளக், ரூட்டருக்கு ஒரு பிளக். ஆச்சி தம் மிக்ஸிக்கு வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக் கொடுத்து, "சட்னி அரைக்கணும், ஆறு மணிக்குள்ள குடுத்துருங்க" என்றார். அப்போது மணி ஐந்தே முக்கால்.