கரண்ட் பில்லும் ஆர்மோனியமும்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. வாங்கின பொருள் வாங்கினபடியே இருக்கவேண்டும் என்பது அப்பாவின் கட்சி. டி.வி. ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை. ஸ்கூட்டர் சீட்டில் ஷோரூமில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக், பாதி கிழிந்து, உட்காருகிறவர்களின் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு பதினைந்து வருடமாகச் சேவை செய்கிறது. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த நட்சத்திர ஸ்டிக்கரை என் மகள் சின்ன வயதில் சுரண்டப் போய், இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. நான் எதிர்க்கட்சி. எதையும் வந்தபடி விட எனக்குக் கை வராது. அப்படியும் மோதல் வராமலே காலம் ஓடியதற்கு ஒரே காரணம், அப்பா என் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. போன மாதம் தொட்டார்.

கரண்ட் பில் கட்ட அன்று கடைசி நாள். அவர் செல்போன் ரிப்பேருக்குப் போயிருந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

“ஏலே, இதுல பின்னால போற அம்புக்குறி எங்கல?”

“அதை எடுத்துட்டேம்பா. ஆல்ட்டை அமுக்கிக்கிட்டே இடது அம்பை அமுக்குங்க.”

“மேல மெனு ஒண்ணு இருக்குமே?”

“அதுக்கும் ஆல்ட்தான். ஒருவாட்டி அமுக்கிவிட்டா வரும்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “ஒரு பில்லு கட்டுததுக்கு ஆர்மோனியமால வாசிக்கணும்?”

நான் வைத்திருப்பது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். அது பிறப்பிலேயே என் கட்சி. 2002 செப்டம்பரில் வெளிவந்தபோது அதன் பெயர் ஃபீனிக்ஸ். அந்தப் பெயருக்கு வேறொரு கம்பெனி உரிமை கொண்டாடியதால் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரிலும் ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் இருந்ததால் 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ். ஒன்றரை வருடத்தில் மூன்று பெயர். நம்மூரில் எண்கணித ஜோசியரிடம் போகிறவர்கள்கூட ஓர் எழுத்தைக் கூட்டுவதோடு திருப்தி அடைந்துவிடுவார்கள்.

என் வியாதி அதற்கும் முந்தையது. அதற்கு நான் தமிழைத்தான் குற்றம் சொல்வேன். யுனிகோடு பரவாத அந்த நாட்களில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைத் தளத்துக்கும் ஒரு சொந்த எழுத்துரு. அதை இறக்கிப் பதிந்து, பிரவுசரின் மெனுவில் போய் என்கோடிங்கை ‘யூசர் டிஃபைன்ட்’ என்று மாற்றினால்தான் தலைப்புச் செய்தி தமிழில் தெரியும். இல்லாவிட்டால் தலையில் கொம்பும் காலில் வாலுமாக ஐரோப்பிய எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து, இருபது ரூபாய்க்கு எழுத்துருவைச் சரிசெய்து, மிச்சம் பத்து ரூபாய்க்குச் செய்தி படித்தவன் நான். மறுநாள் போனால் அந்த மெஷினில் எழுத்துரு இருக்காது. மறுபடியும் முதலிலிருந்து. செய்தியைவிடச் செட்டிங்ஸ் ருசியாகிப்போனது அப்போதுதான். யுனிகோடு வந்து அந்தத் தேவை தீர்ந்துவிட்டது; கை மட்டும் அடங்கவில்லை.

முதலில் பொத்தான்களில் ஆரம்பித்தேன். கருவிப்பட்டையில் ரைட் கிளிக் செய்து ‘கஸ்டமைஸ்’ என்று போனால், பொத்தான்களைப் பிடித்து இழுத்து வெளியே போடலாம். வெளியே போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. முதலில் முகப்புப் பொத்தான், அப்புறம் புதுப்பிக்கும் பொத்தான். புக்மார்க்குகளின் பெயரை அழித்துவிட்டால் படம் மட்டும் நிற்கும், நிறையப் பேருக்கு இடம் கிடைக்கும் என்று கண்டுபிடித்து, முப்பத்தொரு பேரை ஒரே வரிசையில் நிறுத்தினேன். சொந்தமாகப் படம் இல்லாத தளங்களுக்கெல்லாம் ஃபயர்ஃபாக்ஸ் ஒரு பூமி உருண்டையைத் தந்துவிடும். அப்படி நாலு உருண்டைகள். எது கேஸ் புக்கிங், எது கரண்ட் பில் என்பதை இடத்தை வைத்து நான் சொல்லிவிடுவேன். அப்பா நாலு உலகங்களையும் சுற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அந்தக் கஸ்டமைஸ் பக்கத்தில் ஒரு ரகசியம் உண்டு. அங்கே மிச்சமிருக்கும் பொத்தான்களையெல்லாம் ஓவர்ஃப்ளோ மெனுவுக்குள் தள்ளி, வெற்றிடம் ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று தலைகாட்டும். அதைத் தட்டினால் பந்தடிக்கும் விளையாட்டு. இதை எழுதிவைத்த புண்ணியவானுக்கு என்னைப் போன்றவர்கள் எங்கே வந்து முடிவோம் என்பது முன்பே தெரிந்திருக்கிறது.

பொத்தான்கள் தீர்ந்ததும் ‘அபௌட் கான்ஃபிக்’. பிரவுசரின் கருவறை. முன்பெல்லாம் வாசலிலேயே, உள்ளே போனால் வாரண்டி போய்விடலாம் என்று ஓர் எச்சரிக்கையும், ஜாக்கிரதையாக இருப்பேன், சத்தியம் என்று ஒரு பொத்தானும் இருந்தன. பைசா கொடுக்காமல் வாங்கிய பொருளுக்கு ஏது வாரண்டி? இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனேன், ஒரு தடவைகூட ஜாக்கிரதையாக இருந்ததில்லை. உள்ளே ஆயிரக்கணக்கில் வரிகள். பாதிக்கு எதிரில் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’. இரண்டு தட்டுத் தட்டினால் பொய் மெய்யாகிவிடும். கோர்ட்டில் இதற்கு எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதையும் தாண்டினால் இருப்பது யூசர்குரோம் டாட் சிஎஸ்எஸ். இது நாமே எழுதி வைக்கவேண்டிய கோப்பு. டேப்களைக் கீழே இறக்கலாம், முகவரிப் பெட்டிக்குக் குங்குமக் கலர் அடிக்கலாம், பிரவுசரின் எந்த உறுப்பையும் மறைக்கலாம். பின்னால் போகும் அம்பை நான் ஒழித்தது இதில்தான். 2019 செப்டம்பரில் வந்த 69-ஆம் பதிப்பிலிருந்து இந்தக் கோப்பைத் தேடிப் படிப்பதை ஃபயர்ஃபாக்ஸ் தானாகச் செய்வதில்லை. இல்லாத கோப்பைத் தேடித் திறப்பதில் நேரம் வீணாகிறதாம். வேண்டுமென்பவர்கள் கான்ஃபிக்கில் போய் டூல்கிட் டாட் லெகசியூசர்புரொஃபைல்கஸ்டமைசேஷன்ஸ் டாட் ஸ்டைல்ஷீட்ஸ் என்ற வரியை மெய்யாக்கவேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரோடு அவர் வகித்த பதவிகளையும் சேர்த்துப் போட்டதுபோல் ஒரு பெயர். அதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். மனைவியின் செல்போன் நம்பர் இன்னும் மனப்பாடமில்லை.

இந்தக் கோப்பில் ஒரு வளைவு அடைப்பை மூட மறந்தால் அதற்குக் கீழே எழுதிய அத்தனையும் செல்லாக்காசு. மறக்காமல் மூடினாலும் நிம்மதியில்லை. ஃபயர்ஃபாக்ஸின் பெரிய பதிப்பு நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, ஏறக்குறைய அமாவாசைக்கு அமாவாசை. அதில் உள்ளுறுப்பு ஏதாவது ஒன்றின் பெயர் மாறியிருந்தால் என் வரி அநாதையாகிவிடும். பில்லி சூனியம் எடுக்கிற சாமியாரைப்போல அன்று ராத்திரி முழுக்கக் கண்விழிப்பேன்.

இத்தனைக்கும் என் பக்கம் சட்டம் இருக்கிறது. வலைப்பக்கங்களுக்கு உடுத்திவிடும் சிஎஸ்எஸ் என்ற மொழியை 1994 அக்டோபரில் முன்மொழிந்தவர் நார்வேக்காரரான ஹோகோன் வியும் லீ. பக்கத்தை எழுதுகிறவரின் விருப்பத்தையும் படிக்கிறவரின் விருப்பத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது அதில் ஆரம்பத்திலேயே இருந்த யோசனை. இரண்டு பேருமே ‘இது முக்கியம்’ என்று குறித்துவிட்டால் யார் பேச்சு எடுபடும்? 1996-இல் வந்த முதல் சிஎஸ்எஸ்ஸில் எழுதுகிறவர் பேச்சு. 1998-இல் வந்த இரண்டாவதில் அது தலைகீழாகி, படிக்கிறவர் பேச்சே கடைசிப் பேச்சு என்றானது. உலகத்தில் வாசகனுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த வேறு ஏற்பாடு எனக்குத் தெரியாது. அந்த மரியாதையை நான், வலைப்பக்கங்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்து, வரிக்கு வரி பயன்படுத்திக்கொண்டேன்.

வெள்ளெழுத்து வந்துவிட்டதால் மிகக் குறைந்த எழுத்தளவு 22 என்று வைத்தேன். சிறிய பெட்டிகளுக்குள் பெரிய எழுத்துகள், பொங்கல் பஸ்ஸில் படிக்கட்டுப் பயணிகளைப்போல வெளியே தொங்கின. தளங்கள் தங்கள் சொந்த எழுத்துருவைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று தடுத்தேன். பல தளங்களில் சின்னச் சின்னப் படங்களே எழுத்துருவாகத்தான் வருகின்றன என்பது அப்புறம் தெரிந்தது. வீடு, பூட்டு, பூதக்கண்ணாடி எல்லாம் கட்டங்களாகிப்போயின. கண்ணுக்கு இதம் என்று எல்லாப் பக்கங்களுக்கும் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. பொத்தான்களுக்குக் கறுப்பு அடித்த நான், பொத்தான் மேலுள்ள எழுத்தை வெள்ளையாக்கும் வரிக்கு முன்னால் ஓர் அடைப்பை மூடவில்லை.

துண்டோடு வெளியே வந்து பார்த்தேன். அப்பா முகத்தைத் திரையோடு ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். இணைப்பு எண் போட்டாயிற்று. தொகை வந்தாயிற்று. பணம் கட்டும் பொத்தானை மட்டும் காணோம். அது அங்கேதான் இருந்தது, கறுப்புச் சுவரில் கறுப்புக் கதவாக.

“இங்க அமுக்குங்கப்பா” என்று இருட்டில் ஓரிடத்தைக் காட்டினேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “கண்ணு தெரியாத இடத்துல கைய வச்சுப் பணத்தக் கட்டச் சொல்லுதியோ?”

அவ்வளவுதான். சட்டையை மாட்டினார், குடையை எடுத்தார், பிளாஸ்டிக் சீட்டில் ஏறி உட்கார்ந்து மின்வாரிய அலுவலகத்துக்குப் போய்விட்டார். முக்கால் மணி நேரத்தில் ரசீதோடு திரும்பினார். ரசீதுக்கு வரும் வழியிலேயே பாலித்தீன் உறை வாங்கிப் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ‘அபௌட் புரொஃபைல்ஸ்’ பக்கத்தில் போய் அவருக்கென்று தனியாக ஒரு புரொஃபைல் திறந்தேன். அம்பு இருக்கிறது, வீடு இருக்கிறது, கரண்ட் பில் பெயரோடு ஒரே ஒரு புக்மார்க் இருக்கிறது. எதையும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, “இப்பத்தாம்ல பாக்க கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு” என்றார்.

இந்தக் கட்டுரையை ஆசிரியருக்கு மின்னஞ்சல் செய்திருப்பதும் அதிலிருந்துதான். என்னுடையதில் ‘அனுப்பு’ பொத்தானை எங்கே வைத்தேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.