அலசல் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிவாக்கில் அழகர்கோவில் டீக்கடைகளில் இவரைப் பார்க்கலாம். தல்லாகுளத்தில் இருட்டோடு கிளம்பி, மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் ஓடி வந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முழங்கால்வரை இழுத்துவிட்ட சாக்ஸ், இடுப்பு பெல்ட்டில் குட்டித் தண்ணீர்ப் புட்டிகள், கையில் கைக்கு மீறிய வாட்ச். “எத்தன நிமிசம்ணே?” என்று கூட ஓடிவந்த பையன் கேட்டால், அதை மட்டும் சொல்ல மாட்டார். “டைம விடு தம்பி, ஸ்ப்ளிட்டப் பாரு” என்று போனை எடுப்பார். அதற்குப் பிறகு டீ ஆறும், பையன் வீட்டிலிருந்து இரண்டு போன் வரும், அண்ணன் ஏழாவது கிலோமீட்டரைத் தாண்டியிருக்க மாட்டார். இவர் மதுரைக்கு மட்டும் உரியவர் அல்ல. கோவையில் உண்டு, சென்னைக் கடற்கரையில் ஏராளம். ஆனாலும் அலசலுக்கு ஏற்ற சாலை என்றால் அது அழகர்கோவில் சாலைதான் என்று அடித்துச் சொல்லலாம். காரணம் பின்னால் வருகிறது.

ஓடி முடித்த பந்தயத்தை அலசுவது தப்பில்லை. அடுத்த ஆறு வாரம் என்ன பயிற்சி செய்வது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அண்ணனிடம் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நேரம் எங்கே தொலைந்ததோ அங்கே அவர் தேடுவதில்லை. எண்கள் எங்கே கொட்டிக் கிடக்கின்றனவோ அங்கே தேடுகிறார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை காலடி, பாதம் தரையில் எத்தனை மில்லி விநாடி நின்றது, இடது காலுக்கும் வலது காலுக்கும் என்ன பாகப்பிரிவினை என்று வாட்ச் ஓயாமல் எழுதித் தருகிறது. அதில் பாதி மதிப்பீடு. 220இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு என்பது 1970களிலிருந்து புழங்கும் தோராயக் கணக்கு. ஒரே வயதுக்காரர்கள் இருவருக்குள் இருபது துடிப்பு வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. மணிக்கட்டில் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவியோ சில நேரம் கை வீச்சின் தாளத்தையே நாடி என்று எண்ணிக்கொள்ளும். அண்ணனின் இதயம் 176 முறை அடித்ததாகத் திரை காட்டும்போது, உண்மையில் 176 முறை அடித்தது அவருடைய கால்களாக இருக்கலாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, ஆகக் கடும் உழைப்பைக் குறிக்கும் “ஜோன் அஞ்சுல முப்பது நிமிசம் நின்னுருக்கேன் தம்பி” என்பார். அப்படி நின்றவர் அந்த நேரம் அப்பன்திருப்பதியில் மோர்க்காரரிடம் பேரம் பேசியதும் அதே வாட்ச்சில் பதிவாகியிருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் அவர் திறப்பதில்லை.

இப்போது அண்ணனுக்குப் புதுக் காதல் ஒன்று வந்திருக்கிறது. பெயர் ஹைராக்ஸ். 2018இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய உடற்தகுதிப் பந்தயம். 2025 மே மாதம் மும்பைக்கு வந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும், ஒரு கடும் பயிற்சியை முடிக்க வேண்டும். இப்படி எட்டு முறை. பாரம் ஏற்றிய ஸ்லெட்டைத் தள்ளுவது, இழுப்பது, துடுப்பு மிஷின், மணல்மூட்டையைத் தோளில் போட்டு முட்டி மடக்கி நடப்பது, கடைசியாகக் கனத்த பந்தை நூறு தடவை சுவரில் எறிவது. உலகத்தில் எங்கே நடந்தாலும் வரிசையும் தூரமும் ஒன்றே என்பதால் அலசல்காரர்களுக்கு இது அட்சயபாத்திரம். முடிவுப் பட்டியலில் எட்டு ஓட்டம், எட்டுப் பயிற்சி நிலையம், இரண்டுக்கும் நடுவே ராக்ஸ்ஸோன் என்ற இடைவழி என்று நேரம் தனித்தனியாகப் பிரிந்து கிடைக்கிறது. அண்ணன் பார்ப்பது கடைசிப் பந்து எறிதலை. “பந்துக்கு அரை செகண்ட் மிச்சம் பிடிச்சா போதும்” என்று திங்கட்கிழமையே ஜிம் சுவரைப் பெயர்க்க ஆரம்பித்துவிடுவார். நூறு பந்துக்கு அரை விநாடி என்றால் ஐம்பது விநாடி. இடைவழியை நிலையத்துக்குப் போக ஒன்று, திரும்ப ஒன்று என்று, கடைசித் திரும்பல் நீங்கலாக, பதினைந்து தடவை கடக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கைவைத்து, தண்ணீர் குடித்து, கூட்டத்தில் தெரிந்த முகம் தேடி இருபது விநாடி விட்டால் ஐந்து நிமிடம். இந்தக் கணக்குக்கு வாட்ச் வேண்டாம். ஆனால் இடைவழியில் சுறுசுறுப்பாக நடந்ததை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

சாலைக்கு வருவோம். சித்திரையில் கள்ளர் திருக்கோலத்தில் அழகர் மலையை விட்டுக் கிளம்புவது ஒரு மாலை, மறுநாள் ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, வைகையில் இறங்குவது அதற்கும் மறுநாள் விடியலில். தூரம் என்னவோ இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குப் போனவர் பிந்திவிட்டார், முகூர்த்தம் முடிந்த சேதி கேட்டு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்று கதை சொல்லும் ஊர் இது. பல்லக்குத் தூக்கிகளின் நடைவேகம் குறைவு என்று மதுரையில் இதுவரை யாரும் குற்றம் சொன்னதில்லை. வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படி, ஒவ்வொன்றிலும் நின்று சேவை சாதிக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். அழகருக்கு நிற்பதுதான் வேலை, ஓடுவது அல்ல. அவருடைய ராக்ஸ்ஸோன்தான் திருவிழாவே. அண்ணனுக்கு அப்படி இல்லை. அவர் மண்டகப்படிகளில் நின்றுவிட்டு, தாமதத்துக்குப் பல்லக்கின் கம்பு சரியில்லை என்று புதுக் கம்பு வாங்குகிறார். போன வருடம் அது கார்பன் தகடு வைத்த ஷூவாக இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும். வெயிலும் ஏற்றமும் நிஜமில்லையா? நிஜம்தான். சூட்டில் உடம்பு தோலுக்கு ரத்தத்தை அனுப்பியே ஆகவேண்டும். அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். பழமுதிர்சோலைக்குப் போகும் மலைச்சாலையின் நாலு கிலோமீட்டரில் கீழ்ச்சாலை வேகத்தை எதிர்பார்ப்பவன் ஓட்டக்காரனே அல்ல. ஆனால் அன்று ஓடிய அத்தனை பேர் தலைமீதும் அதே சூரியன்தான் அடித்தது. போன தடவை அண்ணனோடு ஒட்டி முடித்தவர்கள் இந்தத் தடவை எங்கே முடித்தார்கள் என்று பார்த்தால் போதும். எல்லாரும் பிந்தியிருந்தால் வெயில், அண்ணன் மட்டும் பிந்தியிருந்தால் அண்ணன். இரண்டே நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஈரப்பதத்துக்குத் தனி வரைபடம் போடுகிறவர், தன் முடிவைப் பதினெட்டாம்படிக் கருப்பன் சந்நிதியில் சத்தியம் பண்ணிச் சொல்வாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கருப்பனாக வணங்கப்படும் அந்தக் கதவு பக்கத்தில்தான் இருக்கிறது. “முதல் கிலோமீட்டர்ல ஆசைப்பட்டுப் பறந்தேன், அதனாலதான் கடைசியில் நடந்தேன்” என்ற வாக்கியம் அங்கே நின்றால் தானாக வாயில் வரும்.

பறப்பதைப் பற்றி அண்ணனுக்குத் தெரியாமல் இல்லை. 2023 சிகாகோ மாரத்தானில் கெல்வின் கிப்டும் 2 மணி 35 விநாடியில் உலக சாதனை படைத்ததை மனப்பாடமாகச் சொல்வார். முதல் பாதி 60 நிமிடம் 48 விநாடி, இரண்டாம் பாதி 59:47 என்பதையும் சேர்த்தே சொல்வார். பின்பாதியை ஒரு நிமிடம் வேகமாக ஓடிய அந்த மனிதரின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறும் புதூர் தாண்டுவதற்குள் மூச்சை முழுக்கச் செலவழித்துவிடுவார். கிப்டுமிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஷூவின் நிறம்.

“பெரிய வீரர்களுக்குத்தான் இந்தக் கறாரெல்லாம், சர்க்கரை குறைய வேண்டும் என்று ஓடுகிற மனுஷனை ஏன் நோண்டுகிறீர்கள்?” என்று கேட்பவர்களும் உண்டு. சர்க்கரைக்கு மட்டும் ஓடுகிறவருக்கு அலசலே தேவையில்லை. ஓடிவிட்டு, கோவிலில் நெய்யில் பொரித்த தோசையைத் தொடாமல் வீட்டுக்குப் போனால் சரி. அலசல் என்று இறங்கிவிட்டால் அது ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்ளலாம். பாட்டியிடம் வளர்ந்து, தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடி, பயிற்சியாளர் கண்ணனிடம் 100, 200 மீட்டர் பழகியவர். பாட்டியாலா தேசிய முகாமில் பயிற்சியாளர் கலீனா புகாரினா அவரை 400 மீட்டருக்கு மாறச் சொன்னார், கண்ணனும் ஒப்புக்கொண்டார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4×400 தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பயிற்சியாளர்களின் அத்தனை பார்வையும் சேர்ந்து சொன்னது ஒரே சொல்: தூரத்தை மாற்று. அண்ணனின் அறிக்கையோ பதினொரு பக்கம் ஓடி, கடைசியில் அவருக்கு ஏற்கெனவே பிடித்ததைத்தான் பரிந்துரைக்கும். மெதுவாக, பேசிக்கொண்டே ஓடும் நீண்ட ஓட்டம் வாரம் மூன்று நாள் வேண்டும் என்று எந்த வரைபடமும் அவரிடம் சொன்னதே கிடையாது. ஹைராக்ஸில் ஏறத்தாழப் பாதி நேரம் ஓட்டத்துக்கே போகிறது என்பது பட்டியலின் முதல் வரியிலேயே இருந்தும்.

இத்தனையும் சொன்னால் அண்ணன் கோபிக்க மாட்டார். அதுதான் அவரிடம் உள்ள அழகு. தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இடைவழியில் நிற்கக் கூடாது, ஒப்புக்கொள்வார். அடுத்த ஆறு வாரத்துக்கு அது ஒன்றே பயிற்சி, அதற்கும் சரி. பிறகு இன்னொரு டீ சொல்லிவிட்டு, அந்த இருபது விநாடியைக் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து எண்ணுவதா, வாட்ச் பட்டனை அமுக்கிய நொடியிலிருந்து எண்ணுவதா என்று கேட்பார்.