கூரத்தில் குடவோலை

கூரம் சிவன் கோயிலின் பின்புறம் யானை முதுகுபோல் வளைந்திருக்கும். ஏழாம் நூற்றாண்டில் கட்டிய பரமேசுவரவர்ம பல்லவன், அதை 35 எம்.எம். லென்ஸில் படம் எடுப்பதா, 40-இலா, 50-இலா என்று செப்பேட்டில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். இரண்டடி முன்னே நடந்தால் 40-ஏ 50 ஆகிவிடும் என்பவர்கள் கலை அறியாதவர்கள். நடப்பதற்கா பிரைம் லென்ஸ் வாங்குகிறோம்? மூன்றையும் மாற்றி மாட்டிப் பார்ப்பதற்குள் வெயில் இறங்கிவிடும் (வெயிலுக்கு எங்கே தெரியும் இது எவ்வளவு பெரிய கேள்வி என்று).

நல்லவேளை, அதே மாவட்டத்தில்தான் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டு வழி சொல்கிறது. வாரியத்துக்கு நிற்பவர் வயது 35-க்கு மேல், 70-க்குள். ஆக, 35 அவுட். மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. 50 போன மாதம்தான் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தது. எஞ்சியது 40. குடத்தைக் குலுக்கும் வேலைகூட மிச்சம்.

ஆனால் இன்னொரு விதியும் உண்டு: கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. 40-இன் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பையிலுள்ள மற்றதெல்லாம் அதே மவுண்ட், அதாவது பங்காளிகள். விதிப்படி இனி வேறு கம்பெனி கேமராவே வாங்கியாக வேண்டும். சோழர் காலத்துச் சட்டம். நாம் என்ன செய்ய முடியும்?