தெமோதரையில் ஒரு சுற்று

கேள்வி: பதுளைக்குப் போகிற கோச்சி, தெமோதரை ஸ்டேஷனை இரண்டு தடவை கடக்கிறதாமே, மெய்யா? (வாசகர், ஹாலிஎல)

பதில்: மெய்தான். மேலே ஒரு தடவை, அடியில் ஒரு தடவை! எல்ல பக்கமிருந்து வரும் கோச்சி ஸ்டேஷனில் நின்று புறப்படும்; மலையை ஒரு வட்டம் சுற்றி இறங்கும்; பிறகு அதே ஸ்டேஷனுக்குக் கீழே ஓடும் சுரங்கத்துக்குள் நுழையும். தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும், செங்குத்துச் சரிவு அதற்கு ஒத்துவராது. அதனால் பாதையை நீட்டிச் சரிவைக் குறைத்தார்கள். டார்ஜிலிங்கின் பட்டாசியாவிலும் சுவிட்சர்லாந்தின் புருசியோவிலும் இதே உபாயம்தான். 1894இல் பண்டாரவளைக்கு வந்த பாதை, பதுளையைத் தொட்டது 1924இல். முப்பது வருஷம்! இந்த மலையைப் பார்த்தவர்களுக்கு அது அதிகமாகத் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் யோகம்: மேலே கை காட்டிவிட்டு, கீழே ஓடிப்போய் அதே கோச்சிக்கு மறுபடியும் கை காட்டலாம்.