கல்யாண வீடியோப் புறாவின் நிலைகொள்ளாமை: ஓர் ஆய்வு

சாத்தான்குளம் வட்டாரத்துக் கல்யாண வீடியோக்களில் மணமக்கள் பெயருக்கு முன்னால் ஒரு வெள்ளைப் புறா வரும். திரையின் இடது மூலையில் கிளம்பி, மணமகள் தோளருகே இரண்டு நொடி நின்று, பிறகு பறந்துவிட வேண்டும். ஆனால் அது நிற்பதில்லை. மொய் எழுத மறந்தவர் போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். இதன் காரணம் யாது என்பதே ஆய்வுப் பொருள்.

'கண் பட்டுட்டு' என்பது பெண் வீட்டார் கொள்கை. 'கம்ப்யூட்டர் பழசு' என்பது மாப்பிள்ளை வீட்டார் கொள்கை. குதிரைமொழித் தேரியின் செம்மணலையே இடம்மாற்றும் ஆடிக் காற்று புறாவையா விட்டுவைக்கும் என்பாரும் உளர். மூன்றும் பொருந்தா. என்னை? பூசணிக்காய் உடைத்த வீட்டுப் புறாவும் சுற்றிற்று. புதுக் கம்ப்யூட்டரிலும் சுற்றிற்று. ஆடியிலோ கல்யாணமே இல்லை என்க.

குற்றம் பாதையில் உளது. புறாவைப் பறக்கவிடுவது 1993இல் வெளிவந்த ஆப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் மென்பொருள். அதில் 'இந்த நொடியில் இங்கே, அந்த நொடியில் அங்கே' என்று கீஃப்ரேம் வைப்பது மட்டுமே நம் வேலை. இடைப்பட்ட ஃபிரேம்களை மென்பொருளே நிரப்பும். அதுவும் பெசியர் வளைவில். ரெனோ கார் கம்பெனிப் பொறியாளர் பியேர் பெசியே, கார் உடம்பின் நெளிவுகளை வரையக் கையாண்ட கணக்கு அது. காருக்கு நெளிவு அழகு; நிற்க வேண்டிய புறாவுக்கு அதுவே கேடு. ஒரே இடத்தில் இரண்டு கீஃப்ரேம் வைத்தாலும், வந்த திசையையும் போகும் திசையையும் பார்த்து, நடுவில் ஒரு வளையத்தை மென்பொருள் தானாகவே போட்டுவிடும். திரையைப் பெரிதாக்கினால் பாதை நெடுகப் புள்ளிகள் தெரியும். ஃபிரேமுக்கு ஒன்று, நெருங்கிக் கிடந்தால் புறா மெதுவாகப் போகிறது, விலகிக் கிடந்தால் விரைகிறது. தோளருகே அப்புள்ளிகள் வளைந்து கிடப்பதே சான்று.

பரிகாரம்: அவ்விரு கீஃப்ரேம்களையும் தேர்ந்து, ஸ்பேஷியலை, அதாவது பாதையின் வடிவை மட்டும் லீனியர், அதாவது நேர்கோடு ஆக்குக. டெம்போரலை, அதாவது வேகத்தின் ஏற்ற இறக்கத்தைத் தொடற்க; தொட்டால், மெல்ல வந்து அமர வேண்டிய புறா சட்டென்று நின்றுவிடும். முதல் கீஃப்ரேமை ஹோல்டு ஆக்கி, அடுத்தது வரும்வரை அசையாது நிறுத்தினும் அமையும். ஸ்பேஷியல் எப்போதும் லீனியராகவே அமையும்படி பிரிஃபரன்ஸஸில் ஒரு டிக் போட்டுவைத்தால் இனி வரும் முகூர்த்தப் புறாக்களும் அடங்கும்.

இதனால் பெறப்படுவது: அசைக்க மென்பொருளே போதும், நிறுத்தத்தான் எடிட்டர் வேண்டும்.

புறாவைத் திருத்திக் கொடுத்த மறுநாள் மணமகளின் தாய்மாமா ஸ்டூடியோவுக்கு வந்து கேட்டது: "அண்ணாச்சி, புறா என்ன அசையாம நிக்கு? படம் ஸ்டக்காயிட்டோ?"

அது தனி ஆய்வுக்குரியது.